எரியக் கூடாத பல்பு

டாலிகஞ்ச், கல்கத்தா
12-8-1979

அத்திம்பேருக்கு, பட்டாபியின் அநேக நமஸ்காரம். இங்கே நானும் விஜியும் சௌக்கியம். உங்கள் இருமல் தணிந்ததா, அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். பெங்களூர்க் குளிரில் மப்ளர் இல்லாமல் ஆபீஸ் போகவேண்டாம்.

இதை வீட்டுக்கு எழுதாமல் உங்கள் டெலிபோன் தொழிற்சாலை விலாசத்துக்கு எழுதுவதற்குக் காரணம், உள்ளே ஒரு சர்க்யூட் படம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் அக்கா அதில் ரசப்பொடி மடித்துவிடுவாள்.

ஹவுராவில் எங்கள் கம்பெனி சோதனைக் கருவிகள் செய்கிற சின்னக் கம்பெனி என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரு பெரிய வாய்ப்பு வந்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கத்துச் சினிமா ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு மெஷின்களைச் சோதிக்க ஓர் ஆஸிலேட்டர் கேட்கிறார்கள். துளிக் கலப்பில்லாத ஒரே சுருதியை அது கொடுக்க வேண்டும். கருவியே அலையைக் கெடுத்தால், குற்றம் மெஷினுடையதா கருவியினுடையதா என்று எப்படித் தெரியும்? பூஜை விடுமுறை முடிந்ததும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் முதலாளி பிஸ்வாஸ் பாபு டிசைன் பிரிவு என்று ஒன்று ஆரம்பித்து, அதை என்னிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சிக்கல் எங்கே என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே அலையைப் பெருக்குகிற பெருக்கம் சரியாக மூன்று மடங்கு இருக்க வேண்டும். இம்மி குறைந்தால் அலை அடங்கிப் போகிறது. இம்மி கூடினால் பெருத்துக்கொண்டே போய் உச்சி வெட்டுப்படுகிறது. அதைப் பிடித்து நிறுத்த நான் ஒரு குட்டி பல்பைப் போடுகிறேன். அலை பெருத்தால் பல்பின் இழை சூடாகும், தடை கூடும், பெருக்கம் தானாக இறங்கிவிடும். இழை சிவக்கக்கூட வேண்டாம், வெதுவெதுப்பு போதும்.

பக்கத்து மேஜை திலீப் சாஹா ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். "பல்பெல்லாம் தாத்தா காலத்து வித்தை. டிரான்சிஸ்டர் போடு" என்கிறான். டிரான்சிஸ்டர் வேகமாகப் பிடிக்கும், சரி. ஆனால் பிடிக்கிற பிடியிலேயே அலையைக் கோணலாக்கிவிடும். பல்பு மெதுவானது, ஆனாலும் நாணயமானது. தினமும் இதே சண்டை, பிறகு சேர்ந்து டீ.

உங்கள் தொழிற்சாலையில் பழைய டெலிபோன் இணைப்புப் பலகைகளிலிருந்து கழற்றிய, மரை போட்ட இருபத்துநாலு வோல்ட் பல்புகள் கிடைக்குமா? நவராத்திரிக்கு அக்கா வரும்வரை காத்திருக்க முடியாது, தபாலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டாபி


பெங்களூர்
25-8-1979

சிரஞ்சீவி பட்டாபிக்கு ஆசீர்வாதம். விஜிக்கும் சொல். இருமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் அக்கா முழங்காலுக்கு ஏதோ தைலம் தடவி, வீட்டுக்குள் நுழைந்தால் வைத்தியசாலை மாதிரி மணக்கிறது.

பல்புகளைப் பஞ்சில் சுற்றித் தகர டப்பாவில் அனுப்பியிருக்கிறேன். படம் பார்த்தேன். சரியாக வந்திருக்கிறது.

சரியாக வராதது இன்னொன்று. திலீப் என்கிறவனைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். நீ விளையாட்டாக எழுதியிருக்கிறாய், எனக்கு விளையாட்டாகப் படவில்லை. உன் யோசனை தப்பு என்று தினம் சொல்கிறவன் அது ஜெயித்தால் சந்தோஷப்படுவானா? பல்பு தோற்றால் அவனுடைய டிரான்சிஸ்டர் ஜெயிக்கும். டிசைன் பிரிவும் அவன் கைக்குப் போகும். இதை நீ யோசித்தாயா?

இங்கே என் பக்கத்து நாற்காலிக்காரன் வருஷக்கணக்கில் என் டிபன் டப்பாவிலிருந்து இட்லி எடுத்துச் சாப்பிட்டான். என் வேலையைத் தன் வேலை என்று மேலே கொண்டுபோய்க் காட்டியவனும் அவன்தான். பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். கருவியை வீட்டில் வைத்தே செய். படத்தைப் பூட்டி வை. அவன் வந்தால் மூடி வை. சிரித்துப் பேசுகிறானே என்று ஏமாந்து போகாதே.

என்னைச் சந்தேகப் பிராணி என்று உன் அக்கா சொல்வாள். சொல்லிக்கொள்ளட்டும்.

உன் நலம் கோரும்,
ஸ்ரீனிவாசராகவன்


டாலிகஞ்ச், கல்கத்தா
2-10-1979

பெங்களூரில் தனியாக ராஜ்யம் பண்ணிக்கொண்டிருக்கும் என் ஆத்துக்காரருக்கு சௌந்தரத்தின் நமஸ்காரம். நான் சௌக்கியம். முழங்கால்கூட இங்கே வந்து நன்றாக மடங்குகிறது. நீங்கள் ஓட்டலில் கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மாவடு ஜாடி மேல்தட்டில், பழைய தினசரிகளுக்குப் பின்னால் இருக்கிறது. தேடாமலே இல்லை என்று சொல்லாதீர்கள்.

ஊரெல்லாம் பந்தல், மேளம், புதுப் புடவை. கரென்ட் மட்டும் இஷ்டத்துக்கு வருகிறது, இஷ்டத்துக்குப் போகிறது.

பட்டாபி பண்ணுகிற கூத்தைக் கேளுங்கள். அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறான். திலீப் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் போதும், பெட்டி மேல் துண்டைப் போட்டு மூடுகிறான். "என்னடா இது, கல்யாணப் பொண்ணுக்கு முக்காடு போடற மாதிரி?"ன்னேன். "அத்திம்பேர்தான் சொன்னார்"ங்கறான். நல்ல உபதேசம் பண்ணினீர்கள் போங்கள். அந்தப் பிள்ளை "அக்கா சௌக்கியமா?" என்று கேட்கத் தமிழ் கற்றுக்கொண்டு வந்தது, தெரியுமா?

சரஸ்வதி பூஜை அமோகமாக நடந்தது. புஸ்தகங்களோடு அவன் பெட்டியையும் வைத்தோம். விஜி சுண்டலோடு மல்லுக்கு நின்றாள், நான்தான் பெட்டியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். மேல்மூடி இல்லாததால் உள்ளேயும் தூசி தட்டினேன். அதில் ஒரு குட்டி பல்பு. அவன் வேலை செய்யும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முள் ஆடுகிறது, சத்தம் வருகிறது, அது மட்டும் எரிவதே இல்லை. ஃபியூஸ் போன பல்பை யாராவது அம்பாள் முன்னால் வைப்பார்களா? டார்ச்சுக்கென்று வாங்கிய புது பல்பு அலமாரியில் கிடந்தது. அளவு அதே அளவு, மரையும் அதே மரை. திருகி மாட்டிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டேன். அவனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் உட்காரவைத்துப் பாடம் நடத்துவான். விஜயதசமி அன்றைக்குப் பளிச்சென்று எரிவதைப் பார்த்து அவனே கேட்கட்டும் என்றிருந்தேன். நேற்றுக் கரென்டே வரவில்லை.

நாளைக்கு எல்லோருமாகப் புரி ஜகந்நாதரைப் பார்க்கப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஹவுராவில் ரயில் ஏறுகிறேன்.

சௌந்தரம்


டாலிகஞ்ச், கல்கத்தா
10-10-1979

அத்திம்பேருக்கு நமஸ்காரம். அக்கா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். க்ஷேமம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை, மன்னிக்கவும்.

மானம் போய்விட்டது. திங்கட்கிழமை ஸ்டூடியோவில் பிஸ்வாஸ் பாபு, ஒலிப்பதிவு இன்ஜினியர், அவருடைய ஆட்கள் எல்லோரும் சுற்றி நிற்க, ஸ்விட்சைப் போட்டேன். ஸ்பீக்கரிலிருந்து பீப்பி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். அலையைத் திரையில் காட்டுகிற ஸ்கோப்பில் பார்த்தால் அலைக்கு உச்சியும் இல்லை, அடியும் இல்லை, இரண்டு பக்கமும் மொட்டை. "இதுதான் கலப்பில்லாத சுருதியா?" என்று இன்ஜினியர் கேட்டார். மூடியைத் திறந்து பார்த்தால், அத்திம்பேர், நீங்கள் அனுப்பிய பல்பு அதில் இல்லை. அந்த இடத்தில் ஒரு டார்ச் பல்பு! அதற்குத் தடை என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. அதைப் போட்டால் பெருக்கம் மூன்றிலா நிற்கும்? மற்ற பல்புகளெல்லாம் வீட்டில் இருந்தன. எடுத்துவருகிறேன் என்றேன். அவர்கள் காத்திருக்கத் தயாராக இல்லை.

பூஜைக்கு முன்னால் எல்லாவற்றையும் சரிபார்த்து, இனித் தொடக்கூடாது என்று வைத்தேன். பிறகு புரி. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை கரென்ட் இல்லை, போட்டுப் பார்க்க முடியவில்லை. மூடியை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அக்காவை ரயிலேற்ற நான் ஹவுரா கிளம்பியபோது திலீப் வந்தான். "நீ போ, நான் மாட்டிவைக்கிறேன்" என்றான். நானும் சரி என்றேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன் தனியாக அந்தப் பெட்டியோடு இருந்திருக்கிறான். விஜியைக் கேட்டேன், அவள் அதன் பக்கமே போகவில்லை. வீட்டுப் பெண்களுக்கு அதைத் தொடவே பயம்.

நீங்கள் ஆகஸ்டிலேயே சொன்னீர்கள். நான்தான் முட்டாள். வேறு எப்படியாவது பல்பு மாறியிருக்க முடியுமா? யோசித்து உடனே பதில் எழுதுங்கள். அதுவரை யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன்.

பட்டாபி


பெங்களூர்
3-11-1979

சிரஞ்சீவி பட்டாபிக்கு ஆசீர்வாதம். தீபாவளி நல்லபடியாக நடந்திருக்கும். உன் அக்கா வந்து சேர்ந்து, புரி சமுத்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இருமல் நெஞ்சுக்கு இறங்கியதால் பதில் தாமதம். ஆபீஸிலும் வேலை அதிகம்.

நீ எழுதியதைப் படித்தேன். இம்மாதிரிக் காரியங்களில் பல விதமாகவும் நடந்திருக்கலாம். ஒருவர் மேல் பழி சொல்லுமுன் நிதானம் வேண்டும். திலீப் பெயரை முதலாளியிடம் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதே. ஒரு கருவி போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். நடந்தது நடந்ததாக இருக்கட்டும்.

இன்னொன்று. இந்த விஷயத்தை வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். உன் அக்காவுக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொல்கிறார். உன் கஷ்டம் அவளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள்.

குளிர் வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்ரீனிவாசராகவன்


டாலிகஞ்ச், கல்கத்தா
14-11-1979

அத்திம்பேருக்கு நமஸ்காரம். நெஞ்சுச் சளிக்கு ஆடாதோடைக் கஷாயம் சாப்பிட்டுப் பார்க்கவும். அக்காவுக்கு ரத்த அழுத்தம் என்று கேட்டுக் கவலையாக இருக்கிறது. இங்கே இருந்தபோது மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி இருந்தாளே?

உங்கள் கடிதம் பிந்திவிட்டது. தினமும் தபால்காரனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனேன். பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். வேறு வழியில் மாறியிருக்கும் என்றால் நீங்கள் உடனே எழுதியிருக்க மாட்டீர்களா?

நடுவில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திலீப் டீ கொண்டுவந்தால், ஏன் கொண்டுவருகிறான் என்று தோன்றும். கொண்டுவராவிட்டால், ஏன் வரவில்லை என்று தோன்றும். "அந்தப் பல்பு எப்படி மாறித்துன்னு தெரிஞ்சுதா?" என்று அவனே ஒரு நாள் கேட்டான். பார்த்தீர்களா, என் வாயைக் கிளறுகிறான் என்று நினைத்தேன். அதற்குமேல் பொறுக்கவில்லை. போன வாரம் முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

அவர் திலீபைக் கூப்பிட்டார். "நான் மூடியைத்தான் மாட்டினேன். பல்பைத் தொடலை" என்றான் அவன். பிஸ்வாஸ் பாபு என்னைப் பார்த்து, "உனக்கு நிச்சயமா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். திலீப் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தெரியவில்லை. தன் சால்டரிங் இரும்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவன் அப்பா படுத்த படுக்கை, வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன்தான். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் செய்தவன் அனுபவிக்க வேண்டியதுதானே?

நீங்கள் "பல விதமாகவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு விதத்தையாவது சொல்லுங்கள்.

பட்டாபி


பெங்களூர்
20-12-1979

சிரஞ்சீவி பட்டாபிக்கு ஆசீர்வாதம். கஷாயம் சாப்பிடுகிறேன், கசக்கிறது. இங்கே பனி அதிகம். காலையில் பால்காரன் வருவது கண்ணுக்கே தெரிவதில்லை. உன் அக்கா மார்கழிக் கோலத்தில் மும்முரமாக இருக்கிறாள்.

இன்னும் சில பல்புகள் அனுப்பியிருக்கிறேன். இவை ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இராது. புதுக் கருவி செய்தால் பல்பு இருக்கும் இடத்துக்குத் தனியாக ஒரு தகர உறை போட்டு, யாரும் திறக்க முடியாதபடி பற்றவைத்துவிடு.

திலீபுக்கு வேறு வேலை கிடைத்திருக்குமே? நீ எழுதியதைப் பார்த்தால் கெட்டிக்காரன் என்றுதான் தெரிகிறது. அவனுக்குக் கிடைத்துவிடும்.

வேறு விசேஷமில்லை.

ஸ்ரீனிவாசராகவன்


டாலிகஞ்ச், கல்கத்தா
16-1-1980

அத்திம்பேருக்கு பட்டாபி எழுதிக்கொண்டது. நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

இதை வேண்டுமென்றே வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். பொங்கலன்று ஸ்டூடியோ இன்ஜினியரைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஆஸிலேட்டர் வாங்கிவிட்டார்களாம். எந்த ஊர்ச் சரக்கு தெரியுமா? பெங்களூர்! அலையைப் பிடித்து நிறுத்த உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பல்புதான், நீ வெச்ச மாதிரியே" என்று சிரித்தார்.

என் படம் இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று என் வீட்டில் பூட்டுக்குள், இன்னொன்று உங்கள் மேஜையில். ஆகஸ்டில் திலீபைச் சந்தேகப்படு என்றீர்கள். அக்டோபரில் வாயை மூடிக்கொண்டீர்கள். நவம்பரில் பெயரைச் சொல்லாதே என்றீர்கள். வீட்டுக்கு எழுதாதே என்றீர்கள். நான் கேட்ட ஒரே கேள்விக்குக் கஷாயம் கசக்கிறது என்று பதில் எழுதினீர்கள். உங்கள் கடிதங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தேன். எதையோ மறைக்கிறவர் எழுதுகிற கடிதங்கள் அவை. பெங்களூர்க் கம்பெனிக்காரன் உங்களுக்கு என்ன வேண்டும்? சிநேகிதனா?

உங்கள் வேலையைத் திருடியவனைப் பற்றி எனக்கு உபதேசம் செய்தீர்களே, அத்திம்பேர். இதற்காவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

பட்டாபி


பெங்களூர்
24-1-1980

அருமைத் தம்பி பட்டாபிக்கு அக்கா ஆசீர்வாதம். விஜிக்கும் ஆசீர்வாதம். என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. ரத்த அழுத்தம் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. அதுவே உன் நவம்பர்க் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை நான்தான் பிரித்தேன். படித்துவிட்டு, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது என்ன?"ன்னேன். மனுஷர் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாயில் வைக்கவில்லை. அப்புறம் எழுந்து கை அலம்பிவிட்டு, ஆபீஸ் பையிலிருந்து உன் மற்றக் கடிதங்களையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு நாளும் உன் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுவார். எதை விட்டுவிட்டுப் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பட்டாபி, அந்தப் பல்பை மாற்றினது நான்.

ஆயுத பூஜைக்குத் துடைத்தபோது மாற்றினேன். எரியாத பல்பு ஃபியூஸ் போன பல்பு என்றுதான் ஊரில் எல்லோரும் நினைப்பார்கள். எரியக் கூடாது என்பதற்காகவே ஒரு பல்பை வைப்பார்கள் என்று நான் கண்டேனா? மாற்றினதை அங்கிருந்தே இவருக்கு எழுதினேன். உன் பெட்டி ஸ்டூடியோவில் மானத்தை வாங்கியது என்று நீ எழுதினவுடனே இவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. "ஏன் சொல்லலை?"ன்னேன். "உனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டே. அப்புறம், அவனைச் சந்தேகப்படச் சொன்னவனும் நான்தானே. எந்த மூஞ்சியை வெச்சுண்டு எழுதறது?"ங்கறார். நான் தாங்கமாட்டேனாம்! பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் அடுப்பு மூட்டினவள் நான். ஒரு பல்பைத் தாங்கமாட்டேனா?

பெங்களூர்க் கம்பெனியைப் பற்றியும் கேட்டேன். பல்பு வைக்கிறது உலகத்துக்கே தெரிந்த வித்தை, அதற்கு யாரும் பட்டாபி படத்தைத் திருட வேண்டியதில்லை என்கிறார். அதை நான் நம்புகிறேன். அவர் கோழை, திருடன் இல்லை.

கேட்காமல் தொட்டது என் தப்புதான். அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுகிறேன். ஆனால் உன்னை ஒன்று கேட்கிறேன். விஜியைக் கேட்டாய். பெங்களூர் வரைக்கும் கடிதம் எழுதி இவரைக் கேட்டாய். அந்தப் பெட்டிக்குக் குங்குமம் இட்டவள் நான். என்னை ஏண்டா கேட்கவில்லை? ஒரு கார்டு போட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே! வீட்டுப் பெண்களுக்கு அதைத் தொடப் பயமாம். யார் சொன்னது உனக்கு?

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே முதலாளியிடம் போ. என் பெயரைச் சொல்லு. அந்த மனுஷர் சிரித்தால் சிரிக்கட்டும். உன் டிசைன் பிரிவு போனால் போகட்டும். அப்புறம் திலீப் வீட்டுக்குப் போ. நம் ஆத்துக்குச் சாப்பிடக் கூப்பிடு. அவன் அப்பா எப்படி இருக்கிறார் என்று முதலில் கேள்.

இவருக்குச் சாப்பாடு போடுகிறேன். பேசுவதில்லை.

உன் அக்கா,
சௌந்தரம்


டாலிகஞ்ச், கல்கத்தா
11-2-1980

அக்காவுக்கு பட்டாபியின் நமஸ்காரம். நானும் விஜியும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். உன் முழங்காலை இந்தக் குளிரில் பார்த்துக்கொள்.

அத்திம்பேரோடு பேசு, அக்கா. அவர் சொன்னார்தான், ஆனால் கேட்டுக்கொண்டு ஆடினவன் நான். அவருக்கு நான் எழுதியதை நினைத்தால் கூசுகிறது. தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

நீ சொன்னபடி செய்தேன். முதலாளி அறையில் மற்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் வெளியே போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னேன். பூஜைக்குப் பெட்டியைத் துடைத்தது, எரியாத பல்பு, டார்ச் பல்பு எல்லாம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிஸ்வாஸ் பாபுவும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "பல்பு மாறினதுக்காகவா நான் அவனை அனுப்பினேன்? என்கிட்ட ஒரு சாட்சியும் இல்லை. அவனோட சிநேகிதன் நீ. நீயே நிச்சயம்னு சொன்னே. அதுக்காகத்தான் அனுப்பினேன்" என்றார். திலீபைத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றார். டிசைன் பிரிவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் சிப்பூரில் திலீப் வீட்டுக்குப் போனேன். திலீபின் அப்பா மார்கழியிலேயே காலமாகிவிட்டார். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஏன் சொல்லி அனுப்ப வேண்டும்? அவன் தலைமுடி இப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. உட்காரச் சொன்னான். டீயும் சந்தேஷ் இனிப்பும் வந்தன. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூடியை மாட்டறப்ப பார்த்தேன், வேற பல்பா இருந்தது. நீங்க ஏதோ யோசிச்சு மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன். உங்க வேலையில எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லையே."

இதை அன்றைக்கு முதலாளி முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், அக்கா; "நீங்களே நிச்சயம்னு சொன்னப்புறம் எதுக்கு?" என்றான். அவன் ஆத்திரப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். இவ்வளவு வருஷமாக என்னை வாடா போடா என்று பேசுகிறவன், நீங்கள் என்கிறான். இந்த ஊரில் சிநேகிதர்கள் அப்படிப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

முதலாளி மத்தியானமே ஆள் அனுப்பியிருந்தார், முதல் தேதியிலிருந்து வேலைக்கு வருகிறானாம். ஜன்னலோரம் காலியாக இருக்கும் மேஜையைக் கேட்டிருக்கிறான். உன்னைப் பற்றிக் கேட்டான். "அக்காவுக்கு என் நமஸ்காரம் எழுதுங்க. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைன்னு எழுதுங்க" என்றான். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நீ சொன்னபடி சாப்பிடக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாயேன், விஜி சமைப்பாள் என்றேன். "உங்களுக்கு எதுக்குச் சிரமம், பட்டாபி பாபு?" என்று சொல்லிவிட்டு, வாசல் விளக்கைப் போட்டு, படியில் பார்த்து இறங்குங்கள் என்றான். முன்பெல்லாம் படகுத்துறை வரை பேசிக்கொண்டே கூட வருவான்.

உன் தம்பி,
பட்டாபி